காலி அறைக்கு வைத்த கிழங்கு

தம்பி தங்கைகளே,

போன வாரம் சிரம்பானில் உங்கள் வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர்களும் மேட்ரன்களும் ஆஸ்பத்திரி அதிகாரிகளுமாக உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு பட்டம் போதாதென்று, ஆஸ்பத்திரியை நடத்துவது எப்படி என்று மேல்பட்டம் படிக்கிறீர்கள். நானோ தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பும், பட்டணத்தில் கொஞ்சம் இங்கிலீசும் படித்தவன். புண்ணுக்குக் கட்டுப்போடப் பழகி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராகவே இருந்து ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் என் பெயருக்கு மேலே 'தலைமைத்துவம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. மாரியம்மனை நினைத்துக்கொண்டு மேடை ஏறினேன்.

முடிக்கும் நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை எழுந்து, "ஐயா, நோயாளியக் காப்பாத்தணும்னா பொய் சொல்லலாமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், தேத்தண்ணி வந்துவிட்டது, பேச்சு முடிந்தது. ஊருக்குத் திரும்ப மம்பாவ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, கேட்ட அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவர் வேலை செய்யும் இடத்தில் ஏதோ நடக்கிறது. அவருக்குப் பதில் சொல்லாமல் வந்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

இது மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்துச் சங்கதி. எங்கள் ரப்பர் தோட்டம் செண்டாயான் பக்கம், சுற்றிலும் பால்மரக் காடு. ஆஸ்பத்திரி என்றதும் உங்கள் கண்ணில் தோன்றுவது வேறு. எங்களுடையது பலகைச் சுவரும் தகரக் கூரையும்தான். ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு. ஆண்கள் வார்டின் கோடியில், தொத்து நோய் வந்தவர்களைத் தனியாகப் படுக்க வைக்க ஒரு சின்ன அறை. முன்பக்கம் லோரி வரும் மண்சாலை. பின்பக்கம், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. இந்த முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்கார டாக்டர் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது மருந்து அலமாரிச் சாவியை என் கையில் வைத்தார். "உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்" என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னது மருந்து களவு போகாமல் இருப்பதற்காக. நான் அதை எல்லாவற்றுக்கும் பொருத்திக்கொண்டேன். ஒரு விஷயம் எவ்வளவு குறைந்த பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவுக்கு ஆஸ்பத்திரி பத்திரம் என்று நினைத்தேன். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அரிசி அருகிப் போய், ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் வைத்திருந்தார்கள். வயிறு காய்ந்த உடம்பில் மலேரியா சுலபமாக ஏறியது. சின்னச் சிராய்ப்புகூட ஆறாத புண்ணாகப் பரவியது. அலமாரியில் மலேரியாவுக்கான கொயினா மருந்து கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனால் எங்கள் பெரிய பயம் காய்ச்சல் இல்லை, சயாம்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று முதலில் ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பலாம் என்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அதன் பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். காலையில் பேர் கூப்பிட நிற்கும் பெரட்டுக் களத்திலிருந்தே ஆட்களை லோரியில் ஏற்றினார்கள். எந்த வீட்டில் வயது வந்த ஆண்பிள்ளை ஒளிந்திருக்கிறான் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவன் கோவிந்தன், எங்கள் தோட்டத்து ஆள்தான். அதற்கு அவனுக்கு அரிசி கிடைத்தது.

அந்தக் கோவிந்தனுக்கே காலில் புண் வந்து, எலும்பு தெரியும் அளவுக்கு அழுகிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து என் வார்டில் போட்டார்கள். காலியாக இருந்த ஒரே கட்டில் முனியாண்டிக்குப் பக்கத்துக் கட்டில். முனியாண்டிக்கு மலேரியா. அவன் மனைவி பாப்பாத்தி நிறைமாதம். அவனுடைய தம்பியை லோரிக்குக் காட்டிக்கொடுத்தவன் இந்தக் கோவிந்தன்தான்.

"டிரெசரய்யா, என்னை வராந்தாவுல போடுங்க. இவன் மூச்சுப் படற எடத்துல எனக்கு வேணாம்" என்றான் முனியாண்டி.

"போய்ப் படுலா. மழை அடிச்சா நீதான் நனைவே, எனக்கென்ன" என்றான் கோவிந்தன்.

"உன் கால் மட்டுமா அழுகுது? மனசு எப்பவோ அழுகிடுச்சு."

"அதுக்கும் டிரெசரு கட்டுப் போடுவாரு. நீ வாயை மூடு."

நான் இருவரையும் அதட்டிவிட்டு நகர்ந்தேன். வேறு என்ன செய்ய? கட்டில் இல்லை.

ஒருநாள் மத்தியானம் மண்டோர், வேலைக்காட்டை மேற்பார்க்கிறவர், சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். மறுநாள் லோரி ஆஸ்பத்திரிக்கே வருகிறது, நிற்க முடிந்தவன் எல்லாம் ஏற வேண்டும் என்று உத்தரவாம்.

"காய்ச்சக்காரனை ஏத்திக்கிட்டுப் போயி என்ன செய்வான்?" என்று கேட்டேன்.

"அவனுக்குத் தலைதான் கணக்கு. டிரெசரய்யா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வாசல்ல வேப்பிலையக் கட்டுங்க. அம்மைன்னா ஜப்பான்காரன் படி ஏற மாட்டான்."

நம் வீடுகளில் அம்மை போட்டால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை கட்டுவோம். வெளியாள் உள்ளே வரமாட்டான். அது வரைக்கும்தான் மண்டோரும் நானும் யோசித்தோம்.

யோசித்தோமே தவிர எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவி பாக்கியத்திடம் சொன்னேன். "ஆத்தா வராத எடத்துல வந்திருக்கான்னு சொல்றதா? அவ பேருலயா பொய்?"

அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "அவகிட்ட சொல்லிட்டுக் கட்டுங்க. அவகிட்டயும் மறைச்சாத்தானே பொய்யி."

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சூடம் கிடைக்காத காலம், தேங்காயெண்ணெய் விளக்குத்தான். 'மகமாயி, உன் பேரை எடுத்துக் கையாளப் போகிறேன். பிழை என்றால் என் மேல் போடு, வார்டு மேல் போடாதே' என்று வேண்டிக்கொண்டு, கோயில் வேப்ப மரத்தில் கொத்தாக ஒடித்து வந்தேன். முன்வாசலில் கட்டினேன். பின்வாசலிலும் கட்டினேன். கோடி அறையில் யாரோ இருப்பதுபோல் கதவைச் சாத்தி அதிலும் சொருகினேன். ஆயா அஞ்சலை மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். விஷயம் தெரிந்தவர்கள் மண்டோர், அஞ்சலை, என் மனைவி, நான், அவ்வளவுதான். நோயாளிகளிடம் மூச்சு விடவில்லை. காரணம் கோவிந்தன். அவன் காதில் விழுந்தால் லோரிக்காரன் காதில் விழுந்த மாதிரி.

மறுநாள் லோரி வந்தது. அதிகாரி இறங்கி, பூட்ஸ் சத்தம் கேட்க நடந்து வந்து, வேப்பிலையைப் பார்த்து நின்றான். மலாயில் இது என்ன என்று கேட்டான்.

"சாச்சார், துவான்" என்றேன். மலாயில் அம்மைக்கு அதுதான் சொல்.

அவன் பின்வாங்கிய வேகத்தில் வாள் காலில் தட்டியது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, யாரும் வெளியே வரக்கூடாது என்று கத்திவிட்டு ஏறினான். வெறும் லோரி திரும்பிப் போன சத்தத்தை நான் வாசற்படியில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே கொயினாவை எடுத்துக்கொண்டு முனியாண்டியிடம் போனேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வேணாங்கய்யா. ஆத்தா வந்திருக்கற எடத்துல மருந்து சாப்பிடலாமா?"

அம்மை வந்த வீட்டில் மருந்து கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வந்தவளைக் கசப்பைக் காட்டி விரட்டுவது போல. எனக்குத் தெரியாததா? என் வீட்டிலும் அதே வழக்கம்தான். அன்று வரை அது நினைப்பில் வரவே இல்லை.

"முனியாண்டி, இது காய்ச்சலு. அம்மை வேற, இது வேற."

"உங்க படிப்புல வேறங்கய்யா. எங்களுக்கு உடம்பு ஒண்ணுதானே. அவ கோவிச்சுக்கிட்டா என் பொண்டாட்டி வயித்துல இருக்கறதுக்கு ஆகாது."

அடுத்த கட்டிலும் வேண்டாம் என்றது, அதற்கடுத்த கட்டிலும். பெரியவர் ஒருவர் வாங்கிக்கொண்டு, நான் திரும்பியதும் எச்சில் பாத்திரத்தில் துப்பினார். மறுநாள் இன்னொன்றையும் பார்த்தேன். பின்பக்கப் பாதையில் காய்ச்சல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள், வேப்பிலை தெரிந்த இடத்திலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பிப் போனார்கள். ஜப்பான்காரனுக்குக் கட்டிய வேலியில் எங்கள் ஜனங்களையும் வெளியே நிறுத்திவிட்டோம். முன்வாசலில் ஒரு பேச்சாகவும் பின்வாசலில் ஒரு பேச்சாகவும் வேப்பிலை பேசிக்கொண்டிருந்தது.

முனியாண்டிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு ஏறியது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் உளறல் கூடியது. தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கொயினா இல்லாமல் இன்னும் இரண்டு மூன்று தடவை ஏறினால் தாங்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. பாப்பாத்தி பின்பக்க வேலிக்கு அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "சாப்பிட்டாராங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது அஞ்சலை வந்து என் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டாள். "ஐயா, இங்க வந்து பாருங்க."

சாத்தியிருந்த கோடி அறையின் வாசலில் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் அவித்த மரவள்ளிக் கிழங்கு, சின்னதும் பெரிதுமாய்ப் பிய்த்த துண்டுகள். பக்கத்தில் தகரக் குவளையில் தண்ணீர்.

"யாரு வெச்சது?"

"எல்லாருந்தான். காலையில குடுத்ததுல ஆளுக்கு ஒரு துண்டு. உள்ள இருக்கற ஆளுக்கு, ஆத்தாளுக்கு. முனியாண்டி தன் பங்கைத் தொடவே இல்ல, அப்படியே வெச்சிட்டான்."

"கோவிந்தன்?"

"அவனுந்தான். இருக்கறதுல பெரிய துண்டு அவன் வெச்சது. பாருங்களேன், கிழங்கு திருடறவன் மாதிரி சுத்திமுத்திப் பாத்துட்டு வெச்சான்."

விலா எலும்பு தெரியப் படுத்திருந்த மனிதர்கள். ஒரு வேளை கிழங்கில் ஒரு பங்கை, ஆளில்லாத அறைக்கு வைத்திருந்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மருந்து அறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

சொல்லாவிட்டால் முனியாண்டி போய்விடுவான், அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர். சொன்னால் கோவிந்தனுக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொன்னால் வார்டு முழுவதும் லோரியில் ஏறும், என் தலையை வெட்டிச் சந்தியில் வைப்பார்கள், பாக்கியமும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள்.

"அவனை மட்டும் பொம்பளை வார்டுக்குத் தூக்கிடலாம். மத்தவங்ககிட்ட மெதுவா சொல்லுங்க" என்றாள் அஞ்சலை.

அதையும் யோசித்தேன். இருமினால் அடுத்த வார்டுக்குக் கேட்கும் பலகைச் சுவர். அவனைத் தனியாகத் தூக்கினாலே, இங்கே ஒரு ரகசியம் இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னதாக ஆகும். அதைவிட, அவனும் ஒரு துண்டு வைத்திருக்கிறான். அவனுக்கும் நான்தான் டிரெசர். அந்த வார்டில் யாரை நம்பலாம் என்று ஆள் பொறுக்கிக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

மகமாயி என்று எழுந்து போய், எல்லார் கண்ணும் பார்க்கக் கோடி அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே வெறும் கட்டில்.

"இங்க யாருமில்ல. யாருக்கும் அம்மை போடல. உங்களைச் சயாமுக்கு ஏத்தக் கூடாதுன்னு நாந்தான் வேப்பிலை கட்டினேன். வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மருந்தைச் சாப்பிடுங்க. வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல."

எல்லார் பார்வையும் கோவிந்தன் கட்டிலுக்குத் திரும்பியது.

"என்னை ஏன்யா எல்லாரும் பாக்கறீங்க?" என்றான் அவன். என் பக்கம் திரும்பி, "டிரெசரய்யா, அப்ப நான் வெச்ச கிழங்கு?"

மருந்தைத் துப்பிய பெரியவர் சொன்னார்: "எடுத்து நீயே தின்னுலா. அப்பவாச்சும் உன் வாய் அடையட்டும்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். முனியாண்டி சிரிக்கவில்லை. சிவந்த கண்ணால் என்னைப் பார்த்து, "ஆத்தாகிட்ட கேட்டுட்டா கட்டுனீங்க?" என்றான்.

"கேட்டுட்டுத்தான் கட்டினேன்."

"அப்ப சரி." வாயைத் திறந்தான்.

கிழங்கைப் பிரசாதமாக எல்லாருக்கும் பங்கிட்டேன். காலி அறைக்கு வைத்தது வீண் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. பின்வாசல் வேப்பிலையை அவிழ்க்கச் சொன்னேன். அஞ்சலை அதோடு நிற்கவில்லை. பின்பாதையில் போய் நின்று, குழந்தைகளோடு தயங்கிய பெண்களிடம், "ஆத்தா முன்வாசல்ல காவல் நிக்கிறாடி. பின்வாசல் நமக்கு. வாங்க உள்ள" என்றாள். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெண்கள் வந்தார்கள்.

சில நாளில் லோரி திரும்பவும் வந்தது. அதே அதிகாரி. இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. சாலையிலேயே நின்றுகொண்டு, "கோவிந்தன்!" என்று கூப்பிட்டான். அவர்களுடைய ஆள் எங்கள் வார்டில் இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கோவிந்தன் கழியை ஊன்றி எழுந்தான். வார்டைத் தாண்டி வராந்தாவுக்குப் போக அவனுக்கு வெகுநேரம் ஆனது. எதிரே என் வீட்டு வாசலில் பாக்கியம் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சாச்சார்?" என்று கேட்டது அதிகாரியின் குரல்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். கோவிந்தன் தலைக்கு மேலே தொங்கிய வேப்பிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெருங்குரலில், "சாச்சார், துவான்! பாஞாக்! பாஞாக்!" என்று கத்தினான். நிறைய, நிறைய என்று.

லோரி போன பிறகு வந்து கட்டிலில் விழுந்தான். "தண்ணி குடுங்கய்யா. தொண்டை காஞ்சு போச்சு" என்றான். அஞ்சலை கொடுத்தாள். யாரும் அவனைப் புகழவில்லை. முனியாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தங்கையே, பொய் சொல்லலாமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாசலில் நிற்பவனுக்காக நாம் சொல்வது உள்ளே படுத்திருப்பவன் காதிலும் விழுகிறது. அவனுக்கு அதில் வேறு அர்த்தம் இருக்கும். அந்த அர்த்தத்தோடு அவன் செத்தும் போவான், மரியாதைக்காக நம்மிடம் சொல்லக்கூட மாட்டான். மேலே இருக்கிறவர்களுக்கு நீங்கள் என்ன சொல்ல நேர்ந்தாலும், உங்கள் வார்டில் படுத்திருப்பவனிடம் போய் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லுங்கள். நம்ப முடியாதவன் ஒருவன் அங்கே இருந்தால் அவனையும் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். எல்லாக் கோவிந்தனும் என் கோவிந்தனைப் போல் நடப்பான் என்று நான் உறுதி தரமாட்டேன். அந்தப் பயத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் புத்தகத்தில் இதற்கு நல்ல பெயர் ஏதாவது இருக்கலாம். நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு அறிவிப்பையும் ஒரு தடவை பின்வாசல் பக்கமிருந்து வந்து படித்துப் பாருங்கள். மகமாயி உங்கள் பக்கம் இருக்கட்டும்.

மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறேன். லோரி எங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவது நின்று, முன்வாசல் வேப்பிலை காய்ந்து சருகானது. முனியாண்டி தேறி வீட்டுக்குக் கிளம்பும் நாள். பாப்பாத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தம்பி மட்டும் வரவே இல்லை, அதன் பிறகும் வரவில்லை.

"கட்டினதை முறையா அவுக்கணும்" என்றாள் பாக்கியம். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அதை வார்டு வாசற்படிக்குச் செய்தோம். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை அஞ்சலை குடத்தோடு ஊற்றினாள்.

கோவிந்தன் கழியை ஊன்றிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தான். "எனக்கும் ஊத்துக்கா" என்றான்.

அஞ்சலை குடத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் வாயில் வந்தது டிரெசர் பேச்சுத்தான்: "புண்ணு நனையக் கூடாது. யாராவது காலைத் தூக்கிப் பிடிங்க."

யாரும் நகரவில்லை. துணி மூட்டையோடு பின்பாதையில் இறங்கப் போன முனியாண்டி நின்றான். மூட்டையைக் கீழே வைத்தான். வந்து குந்தி, அந்தக் காலைக் கட்டோடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பால்மரக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சீக்கிரம் ஊத்துக்கா" என்றான். "கை வலிக்குது."